ஓய்வறியா ஆட்டக்காரரும் சிறுவர் ஆடுகளமும்

கல்லூரியில் பயில்வோரும் பயிற்றுவோரும் ஒருசேர நன்கறிந்த ஏடு வருகைப் பதிவேடு. நூற்றுக்கு எழுபத்தைந்து என்னும் எல்லையைத் தொட்டுவிட்டால் தேர்வெழுதலாம் என்று விரல்விட்டுக் கணக்கிடும் மாணவர் எக்காலத்தும் உளர். அவ்வேட்டில் ஒருநாளும் வெற்றிடம் விடாமல் பதினாறு ஆண்டுகள் தம் பெயரைப் பதித்த ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகிறோம். அவர் மாணவர் அல்லர், ஆட்டக்காரர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடிய கேல் ரிப்கன் இளையவர். 1982 மே 30 முதல் 1998 செப்டம்பர் 19 வரை அவ்வணி ஆடிய 2,632 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் விட்டாரில்லை.

இச்சாதனை பலராலும் பாராட்டப்பெற்றது. ஆயினும், நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. ஓய்வே அறியாமல் ஆடிய இவர், ஆட்டத்தை விட்டு விலகிய பின்னர்ச் சிறுவர் விளையாட்டுக்காகப் பணிபுரியப் புகுந்தபோது, ‘பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுங்கள், ஒரே ஆட்டத்தில் ஆண்டு முழுவதும் அவர்களைக் கட்டிவைக்காதீர்கள்’ என்று பெற்றோர்க்கு அறிவுறுத்தத் தொடங்கினார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது முரணாகத் தோன்றும். அது முரண்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேஸ்பால் நம் மண்ணில் பரவலாக வழங்காத ஆட்டம். கிரிக்கெட்டை அறிந்தவர்க்கு அதனைச் சுருங்கச் சொல்லிவிடலாம். சதுரமொன்றின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி. பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, பந்து தரையில் படாதவாறு எறிகிறார். மட்டையாளர் அடித்துவிட்டுத் தளந்தோறும் ஓடி, புறப்பட்ட இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம். அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்றுகள். வியப்புக்குரியது ஆட்டங்களின் எண்ணிக்கை. ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறோர் ஊர் என்று பயணமும் உடன் சேரும். இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே நிற்கும் ‘ஷார்ட்ஸ்டாப்’ என்பவர்க்கு வேலை மிகுதி. பாய்ந்து, உருண்டு, எழுந்து எறியவேண்டிய இடம் அது. ரிப்கன் தம் தொடர்ச்சியின் பெரும்பகுதியை அவ்விடத்தில் நின்றே கழித்தார்.

தந்தையின் பட்டறை

ரிப்கன் 1960 ஆகஸ்டு 24 அன்று மேரிலாந்தின் ஹாவர் டி கிரேஸ் என்னும் ஊரில் பிறந்தார். அருகிலுள்ள ஆபர்டீன் என்னும் சிறு நகரில் வளர்ந்தார். தந்தை மூத்த ரிப்கனும் ஓரியோல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவரே. தோளில் ஏற்பட்ட காயத்தால் தம் ஆட்ட வாழ்வை இழந்து பயிற்சியாளராக மாறியவர். கீழ்நிலை அணிகளுக்குப் பொறுப்பேற்று ஊர்ஊராகச் சென்ற அவருடன் கோடை விடுமுறைகளில் குடும்பமும் சென்றது. வெறுமனே பயின்றால் போதாது, பிழையறப் பயில வேண்டும் என்பது மூத்தவரின் கொள்கை. ஓரியோல்ஸ் நிறுவனத்தார் இளம் ஆட்டக்காரர்க்குக் கற்பித்த முறையில் அக்கொள்கை ஆழமாகப் பதிந்திருந்தது. தச்சர் தம் மகனுக்கு உளி பிடிக்கக் கற்பிப்பதுபோல், ஒரு பந்தைக் குனிந்து எடுக்கும் செயலையே நூறு முறை செய்வித்துக் கற்பித்த பட்டறை அது.

1978 இல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஓரியோல்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. மேல்நிலை அணிக்கு வருமுன் நிகழ்ந்த ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. 1981 ஏப்ரல் 18 அன்று இரவு, ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கட்டில் ரிப்கன் ஆடிய ராச்செஸ்டர் அணியும் உள்ளூர் அணியும் மோதின. ஒன்பது சுற்றில் முடியவேண்டிய ஆட்டம் சமனிலையில் நீண்டுகொண்டே போய், மறுநாள் விடியற்காலை நான்கு மணியைத் தாண்டி, 32 சுற்றுகள் முடிந்த நிலையில் நிறுத்தப்பட்டது. ஜூன் 23 அன்று மீண்டும் கூடி 33ஆம் சுற்றில் முடித்தனர். ரிப்கனின் அணி தோற்றது. தொழில்முறைப் பேஸ்பாலில் மிக நீண்ட ஆட்டமென்று இன்றளவும் பேசப்படும் அவ்வாட்டத்தின் 33 சுற்றுகளிலும் ரிப்கன் களத்தில் நின்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஓரியோல்ஸ் அணியின் முதன்மைக் குழுவிற்கு வந்தவர்க்குத் தொடக்கம் இனிதாக அமையவில்லை. 39 முறை மட்டை பிடித்து 5 முறையே வெற்றிகரமாக அடித்தார். மறு ஆண்டின் தொடக்கமும் தள்ளாட்டமே. ஆயினும் மேலாளர் எர்ல் வீவர் அவரை நீக்கவில்லை. மாறாக, 1982 ஜூலையில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்தினார். அவ்விடத்திற்குக் குள்ளமும் துடிப்பும் உடையவரே தக்கவர் என்று கருதிய காலம் அது. ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள ஒருவரை அங்கே நிறுத்தியது துணிவான செயல். 1982 இல் சிறந்த புதுமுகத்திற்கான விருது, 1983 இல் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. இவ்விரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்ற முதல்வர் அவரே. 1983 இல் அணி உலகத் தொடரை வென்றபோது, இறுதியாட்டத்தின் கடைசிப் பந்து அவர் கையிலேயே சிக்கியது. பின்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆடியும் அவர் கண்ட உலகத் தொடர் வெற்றி அஃது ஒன்றே.

தொடர்ச்சியும் தொல்லையும்

1987 இல் தந்தை மேலாளரானார். தம்பி பில் ரிப்கனும் அணியில் சேர்ந்தார். ஒரு தந்தை இரு மைந்தரை ஒரே வேளையில் ஒரே அணியில் வழிநடத்தியது அமெரிக்கப் பேஸ்பாலின் முதன்மைத் தொடரில் அதுவே முதன்முறை. அதுவரை இளையவர் ஆட்டங்களை மட்டுமல்ல, ஆட்டத்தின் ஒரு சுற்றைக்கூட விடாமல் 8,243 சுற்றுகள் தொடர்ந்து ஆடியிருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று டொராண்டோவில், 18க்கு 3 என்று படுதோல்வி கண்ட ஆட்டத்தில், அவரைக் களத்தினின்று வெளியேற்றி அமர வைத்தவர் வேறு யாருமல்லர்; தந்தையே. மகனின் தோளில் சுமை ஏறிக்கொண்டே போவதைக் கண்ட தந்தை அதில் ஒரு பகுதியை இறக்கி வைத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆறு ஆட்டங்களில் தோற்றவுடன் தந்தை பதவியிழந்தார். அவரை நீக்கியதால் பயன் விளைந்ததா? அணி தொடர்ந்து தோற்று 21 தோல்விகள் கண்ட பின்னரே முதல் வெற்றியைப் பெற்றது. மகன் அணியில் நீடித்தார். தந்தையும் பின்னர்ப் பயிற்சியாளராகத் திரும்பி 1992 வரை பணியாற்றினார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ரிப்கனின் அடிக்கும் திறன் குன்றியது. ‘ஓய்வெடுத்தால் தேறுவார், சாதனைமேல் கொண்ட பற்றால் அணிக்குத் தீங்கு செய்கிறார்’ என்று எழுதினோர் பலர். இக்குற்றச்சாட்டைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. களைத்த ஒருவர் பிறர்க்கு வழிவிட மறுப்பதும் ஒருவகைத் தன்னலமே என்னும் வாதத்தில் வலு உண்டு. எனினும், 1990 இல், அடிக்கும் திறன் மிகத் தாழ்ந்திருந்த அதே ஆண்டில், 161 ஆட்டங்களில் அவர் களத்தில் செய்த பிழைகள் மூன்றே மூன்று. மட்டை கைவிட்டபோதும் கையுறை அவரைக் கைவிடவில்லை. 1991 இல் 34 ஹோம் ரன்கள் அடித்து, இரண்டாம் முறையாக மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். 1993 ஜூனில் களத்தில் எழுந்த கைகலப்பொன்றில் முழங்கால் திருகிக்கொண்டது. மறுநாள் காலை நிற்கவே முடியாத நிலை. அன்று மாலையும் ஆடினார். அச்செயலைப் பின்பற்றத்தக்கது என்று நாம் கூறமாட்டோம்.

1994 ஆகஸ்டு 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டின் உலகத் தொடரே கைவிடப்பட்டது. கோடிகளில் புரளும் முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் பணத்திற்காகப் பூசலிடுகின்றனர் என்று பொதுமக்கள் வெறுப்புற்றனர். 1995 இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது அரங்குகளில் கூட்டம் குறைந்திருந்தது. அந்நிலையில்தான் மக்களின் பார்வை ரிப்கன்மேல் திரும்பியது. லூ கெரிக் என்னும் பெருவீரர் 1925 முதல் 1939 வரை தொடர்ந்து ஆடிய 2,130 ஆட்டங்கள் என்னும் சாதனையை அவர் நெருங்கிக்கொண்டிருந்தார். கெரிக்கின் தொடர்ச்சியை நிறுத்தியது நரம்பணுக்களைத் தின்னும் கொடுநோய். அந்நோய் அவர் பெயராலேயே அமெரிக்காவில் வழங்குகிறது. தம் உடலின் நலத்தால் வந்த புகழை அந்நோயை ஆராய்வதற்குப் பயன்படுத்த ரிப்கன் உடன்பட்டார். சாதனை இரவின் சிறப்பு இருக்கைகளால் திரண்ட பணம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்குச் சென்றது.

1995 செப்டம்பர் 6. பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் அரங்கு. அரங்கை ஒட்டியுள்ள பழைய கிடங்குக் கட்டடத்தின் சுவரில் எண்கள் எழுதிய பதாகைகள் தொங்கின. ஐந்தாம் சுற்றின் பாதியில் ஆட்டம் முறைப்படி கணக்கில் சேர்ந்ததும் பதாகை மாறி 2,131 என்று காட்டிற்று. கைதட்டல் ஓயவில்லை. உடன் ஆடுவோர் அவரைப் பிடித்துத் தள்ளிவிட, அரங்கின் விளிம்பு வழியே வேலியோரம் நின்ற மக்களின் கைகளைப் பற்றியவாறு சுற்றி வந்தார். ஆட்டம் 22 நிமிடம் நின்றது. குடியரசுத் தலைவர் கிளின்டன் அரங்கில் இருந்தார். மேல்மாடத்தில் தந்தையும் இருந்தார். உணர்ச்சியை வெளிக்காட்டாத அம்மனிதரும் எழுந்து நின்று கைதட்டினார்.

மூன்றாண்டு கழித்து, 1998 செப்டம்பர் 20 அன்று, ஆட்டம் தொடங்கச் சிறிது நேரமே இருந்தபோது மேலாளரிடம் சென்று, ‘இன்று நான் ஆடவில்லை’ என்று அவரே கூறினார். காயமில்லை; கட்டளையில்லை. எதிரணியினராகிய நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் தம் இருக்கைகளை விட்டு எழுந்து வந்து கைதட்டினர். ஒரு சாதனையை நிறுத்துவதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதை அன்று பலர் உணர்ந்தனர். அதன்பின் முதுகுவலியால் ஆட்டங்கள் குறைந்தன. 2000 ஏப்ரலில் 3,000ஆம் அடியை எட்டி, 2001 அக்டோபர் 6 அன்று விடைபெற்றார். மொத்தம் 3,001 ஆட்டங்கள், 3,184 அடிகள், 431 ஹோம் ரன்கள். 2007 இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்மன்றத்திற்கு நடந்த வாக்கெடுப்பில் 545 பேருள் 537 பேர் அவரைத் தேர்ந்தனர்.

சிறுவர்க்கேற்ற அளவு

தந்தை 1999 மார்ச்சில் மறைந்தார். 2001 இல் உடன்பிறந்தார் இருவரும் தந்தையின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினர். அதற்கு இணையாக, பயிற்சி முகாம்களும் போட்டிகளும் நடத்தும் வணிக நிறுவனம் ஒன்றும் ரிப்கன் பெயரில் இயங்கி வந்தது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னது வறிய பகுதிப் பிள்ளைகளுக்கானது. பின்னது கட்டணம் செலுத்த வல்ல குடும்பங்களை நம்பியது. பிள்ளையின் போட்டிக்காக வார இறுதிதோறும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்களின் செலவைக் குறைகூறுவோர் அமெரிக்காவிலேயே மிகுதி. அவ்வணிகத்தில் ரிப்கன் நிறுவனத்திற்கும் பங்குண்டு என்பதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை.

சிறுவர் ஆட்டத்திற்கு அவர் ஆற்றிய தொண்டுகளுள் நமக்கு முதன்மையாகத் தோன்றுவது களத்தின் அளவைப் பற்றியது. பேப் ரூத் லீக் என்னும் சிறுவர் அமைப்பின் 12 வயதிற்குட்பட்டோர் பிரிவு 1999 இல் ரிப்கன் பெயரைப் பெற்றது. வழக்கமாக, பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்குப் பந்தெறியும் தொலைவு 46 அடி, தளங்களுக்கிடையே 60 அடி. பதின்மூன்று நிரம்பியதும் முழு அளவாகிய 90 அடிக் களத்தில் தள்ளிவிடுவர். நேற்றுவரை எளிதாக எறிந்த பிள்ளையின் பந்து இன்று பாதி வழியிலேயே விழும். ‘எனக்கு ஆட்டம் வரவில்லை’ என்று கருதி விலகிவிடுவான். வளர்ந்தது களமேயன்றித் தேய்ந்தது அவன் திறமையன்று என்பதை அவனுக்கு யார் எடுத்துரைப்பர்? இவ்விடைவெளியை நிரப்ப, எறிதொலைவு 50 அடியும் தளத்தொலைவு 70 அடியுமாக அமைந்த இடைநிலைக் களத்தை ரிப்கன் பிரிவு கைக்கொண்டது. மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து நேரே ஒன்பதாம் வகுப்புக்குத் தாவச் சொன்னால் எந்த மாணவன் தேறுவான்? ஆசிரியர் கூட்டத்தார்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால் விளையாட்டுத் திடலில் இதனை நினைப்பார் அரியர்.

தந்தையிடம் கற்றதைப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு நான்கு நெறிகளாக ரிப்கன் சகோதரர் வகுத்தனர். எளிமையாகக் கற்பித்தல், ஏன் அவ்வாறு செய்யவேண்டும் என்று விளக்குதல், ஒவ்வொரு பிள்ளையின் தனித்தன்மையை மதித்தல், ஆட்டத்தை இன்பமாக்கல். இவற்றுள் இரண்டாவதை நாம் சிறப்பாக மதிக்கிறோம். ‘நான் சொல்கிறேன், செய்’ என்பது பழைய பயிற்சியாளர் மரபு. காரணம் கேட்கும் பிள்ளை அடங்காப்பிள்ளை எனப்பட்ட காலமும் உண்டு. பந்தை ஏன் இரு கையாலும் ஏந்தவேண்டும் என்று அறிந்த பிள்ளை பயிற்சியாளர் இல்லாத இடத்திலும் அவ்வாறே ஏந்தும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஓய்வறியா மனிதர் ஓய்வை வலியுறுத்துவது எங்ஙனம்? ரிப்கன் இளமையில் பேஸ்பால் மட்டும் ஆடியவரல்லர். கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடினார். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் தமக்குக் கைகொடுத்த கால் நகர்வுக்கு அவ்வாட்டங்கள் துணைசெய்தன என்று அவரே கூறிவந்தார். உருவத்தால் பெரியவராயினும் அவ்விடத்தில் நிலைபெற்றமைக்கு அஃதொரு காரணம். இன்றைய அமெரிக்கச் சிறுவரோ எட்டு வயதிலேயே ஓராட்டத்திற்கு ஒப்படைக்கப்பட்டு ஆண்டு முழுதும் பந்தெறிகின்றனர். வளரும் பிள்ளையின் முழங்கை எலும்பில் முனைப்பகுதி இன்னும் இறுகாத குருத்தாக இருக்கும். ஓயாது எறிந்தால் அது பழுதுறும், தசைநாரும் கிழியும். 1974 இல் டாமி ஜான் என்னும் முதிர்ந்த ஆட்டக்காரர்க்கு முதன்முதலாகச் செய்யப்பட்ட முழங்கை அறுவை, இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் செய்யப்படுகிறது. விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர்க்கென்றே 2006 இல் ரிப்கன் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளையின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கருதி எல்லைக்கோட்டருகே நின்று கூச்சலிடும் பெற்றோர்க்கு அந்நூல் கசக்கும்.

ஆகவே முரணில்லை. நாள்தோறும் வருதல் என்பது முதிர்ந்தவர் தாமே தேர்ந்துகொண்ட ஆள்வினை. அதனைப் பிள்ளையின்மேல் பெற்றோர் சுமத்தினால் அது சுமையாகிவிடுகிறது. அவர் நாற்பத்தொரு வயதுவரை ஆடினார் என்றால், பதினான்கு வயதில் யாரும் அவர் கையைத் தேய்த்துவிடவில்லை என்பதும் அதற்கொரு காரணமாகும்.

காவலரும் சிறுவரும்

அறக்கட்டளையின் பணிகளுள் இரண்டைக் குறிப்போம். முதலாவது, திடல் இல்லாத பகுதிகளில் செயற்கைப் புல்தரையுடன் திடல் அமைத்தல். பல ஆட்டங்களுக்கும் பயன்படுமாறு அமைந்த இத்திடல்களின் எண்ணிக்கை நூற்றைக் கடந்துவிட்டது. ஓரியோல்ஸ் அணி 1991 வரை ஆடிய பழைய மெமோரியல் அரங்கு இருந்த இடத்திலேயே அவற்றுள் ஒன்று 2010 இல் எழுந்தது. அரங்கை இடித்தபின் எஞ்சிய மண்ணில் தெருப் பிள்ளைகள் ஓடியாடுகின்றனர்.

இரண்டாவது, 2007 இல் மேரிலாந்து அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துடன் இணைந்து தொடங்கிய திட்டம். காவல்துறையினர் பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுடன் விளையாடி, அவர்க்கு வழிகாட்டிகளாக அமைவதே அதன் உள்ளடக்கம். சீருடையைக் கண்டால் ஓடும் பகுதிகளில் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் பால்டிமோரில் காவல்துறையின் பிடியில் இருந்தபோது படுகாயமுற்ற ஃபிரெட்டி கிரே என்னும் கறுப்பின இளைஞர் இறந்தார், நகரம் கொந்தளித்தது. ஏப்ரல் 29 அன்று ஓரியோல்ஸ் அணி பார்வையாளர் ஒருவரும் இல்லாத அரங்கில் ஆடியது. முதன்மைத் தொடரின் வரலாற்றில் அதற்குமுன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் 22 நிமிடம் கைதட்டல் ஓயாத அதே அரங்கில் மட்டையில் பந்து படும் ஒலி மட்டும் எதிரொலித்தது.

அப்படியாயின் அத்திட்டம் தோற்றதா என்று கேட்கலாம். ஒரு பந்தும் மட்டையும் ஒரு நகரத்தின் நூற்றாண்டுக் காயத்தை ஆற்றிவிடும் என்று நினைப்பது பேதைமை. வேலையின்மை, இழிந்த குடியிருப்பு, நீதி கிட்டாமை ஆகியவற்றுக்குத் திடல் மருந்தாகாது. திடலால் செய்யக்கூடியது சிறிது. ஒரு பிள்ளைக்கு ஒரு காவலரின் பெயர் தெரிந்திருக்கும். அக்காவலர்க்கும் அப்பிள்ளையின் பெயர் தெரிந்திருக்கும். அச்சிறிதும் இல்லாத தெருக்கள் அந்நகரில் பல இருந்தன.

2007 இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ரிப்கனை விளையாட்டுத் தூதராக அமர்த்தியது. அவ்வாண்டே சீனாவுக்கும், 2008 இல் நிகராகுவாவுக்கும் சென்று சிறுவர்க்குப் பயிற்சி அளித்தார். 2024 இல் ஓரியோல்ஸ் அணியை வாங்கிய குழுவில் பங்குதாரராகச் சேர்ந்தார். இவற்றுள் ஜப்பான் பயணம் தனியே சொல்லத்தக்கது. கெரிக்கை விஞ்சிய பின்னரும் உலகச் சாதனை ரிப்கனிடம் வரவில்லை. ஜப்பானின் சச்சியோ கினுகாசா 2,215 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடியிருந்தார். 1996 ஜூன் 14 அன்று கன்சாஸ் சிட்டியில் ரிப்கன் அதனைக் கடந்தபோது, கினுகாசா நேரில் வந்திருந்து வாழ்த்தினார். 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அழித்தன. அவ்வாண்டு நவம்பரில் ரிப்கன் அங்குச் சென்று, பள்ளியையும் வீட்டையும் பறிகொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.